ஒபாமாவைக் கறுப்பர் ஆக்கியது யார்?

ஒபாமா அமெரிக்க அதிபராக ஜெயித்த 2008 தேர்தல் பேச்சு வந்தாலே, ‘அன்றோடு அமெரிக்காவில் நிறவெறி ஒழிந்தது’ என்று சொல்ல இன்னும் ஆள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

சந்தோஷப்படவில்லையா என்றால், பட்டேன். சிகாகோ கிராண்ட் பார்க் வெற்றிக் கூட்டத்தில் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் கன்னம் நனைய நின்றதை டிவியில் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டபோது அதே விடுதியில் இருந்தவர் அவர். 1984, 1988 என இரண்டு முறை அதிபர் வேட்பாளராக முயன்று முடியாமல் போனவர்.

ஆனால் ஒபாமாவைக் கறுப்பர் என்று முடிவு செய்தது யார்? அம்மா கான்சஸ் வெள்ளைக்காரப் பெண். அப்பா கென்யர், சின்ன வயதிலேயே விட்டுப் போய்விட்டார். ஹவாயில் பெரும்பாலும் வளர்த்தது அம்மாவைப் பெற்றவர்கள். பாதிக்குப் பாதி. ஆனாலும் ‘இன்னொரு வெள்ளை அதிபர்’ என்று எழுத ஒரு பத்திரிகைக்கும் தோன்றவில்லை. கறுப்பு ரத்தம் துளி கலந்தாலும் வெள்ளையர் இல்லை என்று வர்ஜீனியா மாநிலம் 1924இல் சட்டமே போட்டிருந்தது. ஒபாமா பிறந்த 1961இல், அவருடைய பெற்றோர் மாதிரி ஜோடி அங்கே கல்யாணம் செய்வது குற்றம். 1967இல்தான் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. அதே வர்ஜீனியாவில் 2008இல் ஒபாமா ஜெயித்தார், அது வேறு கதை.

அந்த மார்ச் மாதம் பிலடெல்பியாவில் அவர் பேசியதை மறக்க முடியாது. ஓட்டுக் கேட்கிறவர்கள் பாட்டியின் கைப்பக்குவத்தைப் பேசுவார்கள். இவரோ, தன்னை உயிராக வளர்த்த பாட்டி, தெருவில் கடந்துபோகும் கறுப்பு ஆண்களைக் கண்டு பயந்ததாகச் சொன்னதைச் சொன்னார். கேட்கவே கூசும்படி பேசியிருக்கிறார் என்றும் சொன்னார். தேர்தலுக்கு முந்தைய நாள் அந்தப் பாட்டி இறந்த செய்தி வந்தது. முன்பே போட்டிருந்த அவருடைய ஓட்டு செல்லுபடியானது. வெள்ளையர்களில் ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்டவர்கள் 43 சதவீதம். அவர்களில் இப்படி பயமும் பாசமும் சேர்ந்தே இருந்தவர்கள் எத்தனை பேரோ!

ஜெயித்த பிறகும் விட்டார்களா? நீ அமெரிக்காவில் பிறந்தவனே இல்லை, பிறப்புச் சான்றிதழைக் காட்டு என்றார்கள். 2011இல் வெள்ளை மாளிகை அதன் முழு நகலையே வெளியிட வேண்டி வந்தது. இதில் வேடிக்கை, எதிர்த்து நின்ற மெக்கெய்ன்தான் பனாமா கால்வாய்ப் பகுதியில் பிறந்தவர். அவர் அதிபராகத் தகுதியானவரே என்று செனட் ஒரு தீர்மானம் போட்டது, விஷயம் முடிந்தது. அதை முன்மொழிந்தவர்களில் ஒபாமாவும் ஒருவர்!

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் எத்தனை இனத்தை வேண்டுமானாலும் டிக் செய்யலாம். ஒபாமா கறுப்பர் என்ற ஒன்றை மட்டும் டிக் செய்தார். அம்மாவை மறந்துவிட்டார் என்று சிலர் குறைபட்டார்கள். எனக்கு அவர் செய்தது சரி. தெருவும் போலீஸும் அவரைப் பாதி வெள்ளையராகவா நடத்தியிருக்கும்?

அப்புறம் நம் கதைக்கு வருவோம். கமலா ஹாரிஸ் திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்று 2024இல் டிரம்ப் சொன்னதும் நம்மவர்கள் கொதித்தார்கள். நியாயம்தான். ஆனால் கமலாவின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டிப் பூஜை செய்த நாம் மட்டும் என்ன? அவருடைய அப்பா ஜமைக்காக்காரர். கமலா விரும்பிப் போய்ப் படித்தது கறுப்பர்களின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில். அந்த பேனர்களில் இதெல்லாம் எங்கே இருந்தது?