கட்டுப்பாடு இருக்கட்டும், வார்டு இருக்கிறதா?

மே மாதம் வந்தால் சொந்தக்காரர்களுக்கு என் ஞாபகம் வந்துவிடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே கிருஷ்ணகிரி மாமா, தர்மபுரி சித்தி, கே.ஜி.எஃப். அண்ணன் என்று வரிசையாக போன். பெங்களூரில் ஆஸ்பத்திரி ஃபார்மசியில் வேலை பார்ப்பதால் நான் எல்லாருக்கும் அட்மிஷன் ஆபீசர். நர்சிங்கா, ஃபார்மசியா என்பதில் வீட்டுக்கு வீடு குழப்பம் இருக்கும். ஆனால் அடுத்து வருவது மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றேதான்: "ஏம்மா, கிறிஸ்டியன் யுனிவர்சிட்டினா டிசிப்ளின் நல்லா இருக்கும்ல?"

இருக்கும். ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டுவார்கள், போனை வாங்கி வைப்பார்கள், வெளியே போக ரெஜிஸ்டரில் கையெழுத்து. நிர்வாகங்களும் இதைத்தான் விளம்பரம் செய்கின்றன. கட்டிடப் படம், சேப்பல் படம், கீழே 'ஒழுக்கம்' என்று கொட்டை எழுத்தில். பெற்றவர்களுக்கு நிம்மதி. எனக்கு இதில் புரியாதது ஒன்றுதான். தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போகக்கூடாது என்று வைத்திருக்கும் அதே பெண்ணை, நைட் டியூட்டியில் ஒரு வார்டு நிறைய நோயாளிகளோடு விடுகிறோம். அப்போது அவளுக்குக் கைகொடுப்பது கேட் பூட்டிய நேரமா, அவள் வார்டில் நின்று கற்ற நேரமா?

நானும் கிறிஸ்தவ சபையில் வளர்ந்தவள்தான். லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் நர்ஸ் இல்லாத வீடு குறைவு. அதனால் வெளியில் நின்று குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். மிஷன் ஆஸ்பத்திரிகள் நர்சிங் படிப்புக்குச் செய்ததில் ஒழுக்கம் சின்னப் பங்கு. பெரிய பங்கு வேறு. அவர்களிடம் ஆஸ்பத்திரி முதலில் இருந்தது, பள்ளிக்கூடம் பிறகுதான் வந்தது.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். கட்டில்கள் கூடின, கை போதவில்லை, 1909-இல் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி வந்தது. அது வளர்ந்து 1946-இல் பி.எஸ்சி நர்சிங் ஆனது. அதே வருடம்தான் டெல்லியிலும், இன்று ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரில் இருக்கும் கல்லூரியில், நர்சிங் பட்டப்படிப்பு ஆரம்பமானது. இந்த இரண்டுக்கும் முன்னால் நாட்டில் நர்சிங்கில் பட்டமே கிடையாது. இங்கே பெங்களூரில் நல்மேய்ப்பர் கன்னியர்கள் 1886-இல் செயின்ட் மார்த்தாஸ் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்கள். 1963-இல் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி வந்தபோது, அவர்களுக்கு சொந்த ஆஸ்பத்திரி எழும்பும் வரை பிள்ளைகள் நோயாளியைப் பார்த்துப் படித்ததும் மார்த்தாஸ் வார்டுகளில்தான். கட்டிடம் இல்லாமல் இருந்திருக்கிறார்கள், கட்டில் இல்லாமல் இருந்ததில்லை.

அந்தக் காலத்தில் இந்த வேலைக்குப் பெண்ணை அனுப்ப மற்ற வீடுகள் தயாராக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரத்தம், மலம், பிரசவத் தீட்டு, அந்நிய ஆணின் உடம்பு. சாதி இதையெல்லாம் யாருக்கு ஒதுக்கி வைத்திருந்தது என்று நமக்குத் தெரியும். மிஷன் விடுதிப் பெண்கள், விதவைகள், ஏழைக் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள் போனார்கள். இன்று எல்லா வீட்டிலிருந்தும் வருகிறார்கள், நல்லது. வெளிநாட்டு விசா என்று வந்ததும் தீட்டு எங்கே போனதோ தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியும் நர்சிங் கல்லூரியும் ஃபார்மசி கல்லூரியும் ஒரே காம்பவுண்டுக்குள் வைத்திருக்கும் பல்கலைக்கழகம் கையில் எவ்வளவு பெரிய வசதி இருக்கிறது! அதை அவர்கள் பயன்படுத்துவதில்லை என்பதுதான் என் வருத்தம். வருத்தம் என்ன, கோபம்தான்.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஐ.என்.சி. என்கிற இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் அறிவித்த புதிய பாடத்திட்டப்படி பி.எஸ்சி நர்சிங் எட்டு செமஸ்டர். கடைசி செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப், 22 வாரம், வாரத்துக்கு 48 மணி, மொத்தம் 1056 மணி நேரம். அதற்கு முந்தைய செமஸ்டர்களிலும் வார்டு போஸ்டிங் உண்டு. ஃபார்மசி பட்டப்படிப்பான பி.ஃபார்மும் எட்டு செமஸ்டர்தான். அதில் ஆறாவது செமஸ்டருக்கும் ஏழாவதுக்கும் நடுவில் மருந்து கம்பெனியிலோ ஆஸ்பத்திரியிலோ 150 மணி நேரம் பயிற்சி. அவ்வளவுதான். 'ஆஸ்பத்திரியிலோ' என்பதைக் கவனியுங்கள். கம்பெனிக்குப் போன பிள்ளை நான்கு வருடத்தில் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கலாம். இதில் வேடிக்கை, இரண்டு வருட டிப்ளமோவான டி.ஃபார்முக்கு 500 மணி நேரப் பயிற்சி கட்டாயம். குறைவாகப் படித்தவருக்கு 500, அதிகம் படித்தவருக்கு 150. பி.ஃபார்ம் மருந்து தயாரிப்பை மனதில் வைத்து எழுதிய படிப்பு என்று காரணம் சொல்வார்கள். சரி, இருக்கட்டும். அப்புறம் அதே பட்டத்தை வைத்துத்தானே ஆஸ்பத்திரி ஃபார்மசியிலும் தெருமுனை மெடிக்கலிலும் உட்காருகிறார்கள்?

அந்த 150 மணியும் எப்படிப் போகிறது என்று எங்கள் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன். முதல் நாள் லெட்டரோடு வருவார்கள். ரேக்கில் மாத்திரை அட்டைகளை அகர வரிசையில் அடுக்குவார்கள். எக்ஸ்பயரி தேதி பார்ப்பார்கள். கடைசி நாள் சர்டிபிகேட்டில் கையெழுத்து. பிள்ளைகள் மேல் தப்பில்லை, நாம்தான் வேறு எதுவும் கொடுப்பதில்லை.

ஒரு நாள் இப்படி ஒரு பையன் அடுக்கிக்கொண்டிருந்தபோது வார்டிலிருந்து போன் வந்தது. பேசியது இன்டர்ன்ஷிப்பில் இருந்த நர்சிங் மாணவி. கேட்டது ஹெபாரினைப் பற்றி, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஊசி மருந்து அது. வயல் என்பது அது வரும் சின்னக் குப்பி. "மேடம், இன்னைக்கு ஹெபாரின் வயல் மாறி வந்திருக்கு. நேத்து வந்ததுல அஞ்சு எம்.எல்.லுக்கு 5,000 யூனிட்னு இருந்துச்சு. இதுல அஞ்சு எம்.எல்.லுக்கு 25,000னு இருக்கு. ஆர்டர் 5,000. நான் ஒரு எம்.எல். மட்டும் எடுத்தா சரியா?" சரிதான். இரண்டு வயலும் ஒரே உயரம், ஒரே அளவு திரவம். உள்ளே இருப்பது ஐந்து மடங்கு வித்தியாசம். நேற்று எடுத்த மாதிரியே இன்றும் முழு வயலை இழுத்திருந்தால் ரத்தம் உறையாமல் போய் உள்ளுக்குள்ளேயே கசிய ஆரம்பித்திருக்கலாம். அவளை வார்டு சிஸ்டர் பழக்கி வைத்திருந்தார்: வயலைக் கையில் எடுத்தால் மொத்தம் எத்தனை யூனிட், ஒரு எம்.எல்.லில் எத்தனை யூனிட், இரண்டையும் வாய்விட்டுப் படி என்று.

பையன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஹெபாரின் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் ஆன்டித்ராம்பினிலிருந்து ஆரம்பித்து போர்டு நிறைய எழுதுவான், அவ்வளவு கெட்டிக்காரன். ஆனால் அந்த இரண்டு வயலையும் அவன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் வயலைப் படித்துக் காட்டி, சிரிஞ்சில் ஒரு எம்.எல். இழுத்து, இன்னொரு ஸ்டாஃபிடம் சரிபார்க்கக் கொடுத்தாள். பிறகு அவள் கேட்ட ஒரு சந்தேகத்துக்கு, ஹெபாரின் ஓடும் நோயாளிக்கு பிளேட்லெட் எண்ணிக்கையை ஏன் பார்க்கிறார்கள் என்று, அவன்தான் விளக்கம் சொன்னான். அவளுக்குத் தெரியாதது அவனிடம் இருந்தது, அவனுக்குத் தெரியாதது அவளிடம். ரெண்டு பேரும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே காலேஜ் பஸ். அதுவரை பேசிக்கொண்டதுகூட இல்லை.

எங்கள் பக்கத்தில் நடப்பது இதுதான். இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் ஒன்றாக நிற்பது டிசம்பரில் கேரல்ஸ் பாடும்போது மட்டும். நர்சிங் பிள்ளைகளுக்கு மூன்றாவது, நான்காவது செமஸ்டர்களில் பார்மகாலஜி உண்டு. பி.ஃபார்முக்கு நான்கிலிருந்து ஆறு வரை பார்மகாலஜி. கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் ஒரே மருந்துகளை, பக்கத்துப் பக்கத்துக் கட்டிடத்தில், தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். வாரத்தில் ஒரு காலை, எட்டு மணி மருந்து ரவுண்டில், இரண்டு நர்சிங் மாணவிகளோடு இரண்டு ஃபார்மசி மாணவர்களை நிறுத்த என்ன செலவாகும்? ஏ.சி. ஆடிட்டோரியத்துக்கு ஆகும் கரண்ட் பில்கூட ஆகாது.

கேட்டால் இரண்டுக்கும் கவுன்சில் வேறு வேறு என்பார்கள். உண்மைதான், நர்சிங் ஒரு சட்டத்தின் கீழ், ஃபார்மசி 1948-ஆம் வருடச் சட்டத்தின் கீழ். இன்ஸ்பெக்‌ஷன் வேறு, தேர்வுத் தேதி வேறு. நர்சிங்குக்கு 2023-இல் தேசிய ஆணையச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் எந்தச் சட்டமும் பிள்ளைகளைச் சேர்த்து நிற்க வைக்காதே என்று சொல்லவில்லை. ஃபார்ம்.டி. என்று ஆறு வருடப் படிப்பு 2008-இல் வந்ததே, அதில் வார்டு ரவுண்ட்ஸ் உண்டு, கடைசி வருடம் முழுக்க இன்டர்ன்ஷிப், அதற்கு 300 படுக்கை ஆஸ்பத்திரி வேண்டும் என்று விதியே இருக்கிறது. அங்கே முடிகிறது என்றால் பி.ஃபார்முக்கு கொஞ்சமாவது முடியாதா?

இது வெறும் படிப்பு விஷயமும் இல்லை. பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட் தவிர வேறு யாரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கக்கூடாது என்று ஃபார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவு சொல்கிறது. நம் ஊர் மெடிக்கல்களில் சுவரில் ஒருவருடைய சர்டிபிகேட் தொங்கும், கவுன்ட்டரில் வேறொருவர் நிற்பார். சர்டிபிகேட்டை மாத வாடகைக்கு விடுவது ஊரறிந்த ரகசியம். நோயாளியின் முகத்தைப் பார்த்து மருந்து சொல்லிப் பழகாத பிள்ளைக்கு, வீட்டில் உட்கார்ந்தபடியே சர்டிபிகேட்டுக்குக் காசு வருவது தப்பாகத் தெரியுமா என்ன?

மதம் மாற்றுவார்களா என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர்களுக்கும் ஒரு வரி. காலையில் வார்டில் ஜெபம் இருக்கும், நர்சிங் பிள்ளைகளின் விளக்கேற்றும் விழாவில் நைட்டிங்கேல் உறுதிமொழி இருக்கும். அந்த உறுதிமொழி 1893-இல் அமெரிக்காவில் எழுதியது, எல்லா மதத்தார் நடத்தும் கல்லூரிகளிலும் அதையேதான் சொல்கிறார்கள். என்னோடு வேலை பார்க்கும் இந்து, முஸ்லிம் நர்சுகளில் பாதிப் பேர் மிஷன் கல்லூரியில் படித்தவர்கள். அவரவர் அவரவர் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது சம்பளம். படிக்கும்போது 'தியாகம், ஊழியம்' என்று நான்கு வருடம் ஊட்டிவிட்டு, வேலைக்கு எடுக்கும்போது அதையே காரணம் காட்டிக் குறைத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. நர்சுகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவு போட்டு, மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான ஆஸ்பத்திரியில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்சுக்குச் சமமான சம்பளம். பல இடங்களில் அது பரிந்துரையாகவே கிடக்கிறது. அன்றைக்கு 20,000 என்றார்கள், இன்றைய பெங்களூர் வாடகைக்கு அது எந்த மூலைக்கு?

கர்நாடகக் கல்லூரிகளுக்கு ஐ.என்.சி. அங்கீகாரம் வேண்டுமா, மாநில கவுன்சிலே போதுமா என்று 2017-இல் நீதிமன்றம் வரை போன தகராறு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வேறு மாநிலத்திலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்க நினைப்பவர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புரோக்கரிடம் அல்ல, இரண்டு கவுன்சிலிடமும் நேரடியாக. வகுப்புக்கு வராமலே அட்டெண்டன்ஸ் தருகிறோம் என்று ஓசூர் பஸ் ஸ்டாண்டிலேயே ஆள் பிடிக்கும் புரோக்கர்களைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவு ஆகிவிடும்.

கல்லூரிப் பெயர் சொல்லுங்கள் அக்கா என்று இன்பாக்ஸில் வராதீர்கள், சொல்லமாட்டேன். காலேஜ் பார்க்கப் போனால் சனிக்கிழமை போகாமல் ஒரு வேலை நாளில், காலை ஏழரைக்குப் போய் கேட்டில் நில்லுங்கள். நர்சிங் பிள்ளைகள் நடந்தே வார்டுக்குப் போகிறார்களா, பஸ் ஏறி ஒரு மணி நேரம் டிராஃபிக்கில் வேறு எங்கோ போகிறார்களா என்று தெரிந்துவிடும். பெங்களூர் மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸுக்கு மனநல போஸ்டிங் போவது வேறு, அதற்குப் பல கல்லூரிகளும் போகும். அப்புறம் கேன்டீனில் மூன்றாம் வருடப் பிள்ளை ஒன்றைப் பிடித்து, இந்த வாரம் எந்த வார்டு, கூட நின்று சொல்லிக்கொடுத்தது யார் என்று கேளுங்கள். வார்டு பெயரும் ஆளின் பெயரும் டக்கென்று வர வேண்டும். ஃபார்மசி என்றால், ஆஸ்பத்திரிக்குள்ளே எங்கே நின்று படிப்பீர்கள் என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். முழித்தால் பிரின்சிபாலிடம் போய் அதையே கேளுங்கள். அவரும் முழித்தால் அடுத்த காலேஜுக்கு பஸ் ஏறுங்கள். ஓசூர் ரோட்டில் காலேஜுக்கா பஞ்சம்!