ஆர்டர் போட முடியும் என்பதும் போடுவார்கள் என்பதும் வேறு

“ஐ.எஸ்.பி.என். வாங்கி இங்ராம்ஸ்பார்க்கில் ஏற்றிவிட்டால் போதும், கடைகளில் உங்கள் புத்தகம் இருக்கும்” என்று, சொந்தமாகப் புத்தகம் வெளியிடுகிறவர்களுக்கு ஒருவர் யோசனை எழுதியிருக்கிறார். ஐ.எஸ்.பி.என். என்பது புத்தகத்தின் அடையாள எண்; இங்ராம்ஸ்பார்க், புத்தகத்தை அச்சிட்டுக் கடைகளுக்கு விநியோகிக்கும் சேவை. அவர் சொன்னது பாதிதான் சரி. விநியோகப் பட்டியலில் புத்தகத்தின் பெயர் வரும், கேட்டால் கடைக்காரர் ஆர்டர் போட முடியும். அலமாரியில் வைப்பது அவர் முடிவு.

அவர் முதலில் பார்ப்பது தள்ளுபடியையும் விற்காத பிரதியைத் திருப்பி அனுப்ப முடியுமா என்பதையும்தான். 55% தள்ளுபடி கொடுத்தால், விநியோகஸ்தர் பங்கு போக, கடைக்குக் கிட்டத்தட்ட 40% கிடைக்கும். அதாவது விலை 100 என்றால் உங்களிடம் 45. அச்சுச் செலவும் அதில்தான் கழியும். திரும்பி வரும் பிரதிகளின் செலவும் உங்கள் தலையில்தான். இதைச் சொல்லாமல் ‘ஏற்றினால் போதும்’ என்பது புதியவர்களைக் கிணற்றில் தள்ளுகிற பேச்சு.

அப்புறம், எழுத்தாளர்களே புத்தகம் வெளியிட உதவும் அமேசானின் கேடிபி சேவை இலவசமாகத் தரும் ஐ.எஸ்.பி.என். எண்ணை வேறு இடத்தில் பயன்படுத்த முடியாது. கடைதான் இலக்கு என்றால் சொந்த எண் வாங்குங்கள்.

“காசு கொடுத்தால் நல்ல விமர்சனம்” என்பதும் தவறு. சொந்த வெளியீடுகளுக்குக் கட்டணம் வாங்கி விமர்சனம் எழுதித் தரும் கிர்கஸ் இண்டியில் பணம் கட்டினாலும் பாராட்டு நிச்சயமில்லை. விமர்சனம் பிடிக்காவிட்டால் நீங்கள் அதை வெளியிடாமல் விடலாம், அவ்வளவுதான்.

தனிக் கடைகள் சில, விற்ற பிறகு பணம் தரும் முறையில் நாலைந்து பிரதிகள் எடுத்துக்கொள்ளும். கூட்டமில்லாத நேரத்தில் போய், புத்தகத்தைக் கையில் கொடுத்துக் கேளுங்கள்.