மூக்கு எங்கே, புருவம் எங்கே?

ஜப்பானியக் கார்ட்டூனான அனிமேயை நிஜ நடிகர்களை வைத்து எடுக்கிறோம் என்று யாராவது சொன்னால் போதும். நடிகர் பட்டியல் வந்து அரை மணி நேரம் ஆகாது, ரசிகர்களிடமிருந்து "என் பால்யத்தையே நாசம் பண்ணிட்டாங்க" என்று ஒப்பாரி ஆரம்பித்துவிடும். அவ்வளவு தொட்டாற்சிணுங்கியா உங்கள் பால்யம்?

விக்கை அனிமேயில் உள்ளபடியே வைத்தால் மாறுவேடப் போட்டியாம். மாற்றினால் துரோகமாம். 2023-இல் ஒன் பீஸ் தொடரில் உசோப்புக்கு நீள மூக்கு இல்லை, சான்ஜிக்குச் சுருள் புருவம் இல்லை என்று புலம்பல். ஐயா, சிலிக்கானில் அந்த மூக்கைச் செய்து ஒட்டினால் குளோசப்பில் நடிகர் தெரிவாரா, மூக்கு தெரியுமா? பக்கவாட்டில் விளக்கு வைத்தால் பாதி முகம் நிழலில் போகும். வரைந்த முகத்துக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது.

"ஜப்பான்காரனே எடுத்தால்தான் சரியாக வரும்" என்பது அடுத்த பல்லவி. அட்டாக் ஆன் டைட்டன் படங்களை 2015-இல் ஜப்பானில்தானே எடுத்தார்கள்? ரசிகர்களின் செல்லப் பாத்திரமான லீவாய் எங்கே என்று அங்கேயும் அதே வசவு. உடனே ஜப்பானில் எடுத்த வாள்வீரன் கதையான ருரோனி கென்ஷினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நல்ல படங்கள்தான், மறுக்கவில்லை. அதற்காக வாளே இல்லாத கதைக்கும் அதுதான் அளவுகோலா?

டிராகன்பால் கதையை வைத்து ஹாலிவுட் எடுத்த டிராகன்பால் எவல்யூஷன் 2009-இல் வந்த குப்பை. திரைக்கதை எழுதியவரே 2016-இல் மன்னிப்புக் கேட்டாயிற்று. இன்னும் எத்தனை வருஷம் அதற்குத் திவசம் கொடுப்பீர்கள்?

கௌபாய் பீபாப் அனிமேயை நடிகர்களை வைத்துத் தொடராக எடுத்து 2021-இல் வந்தபோது கழுவிக் கழுவி ஊற்றினார்கள். மூன்று வாரத்துக்குள் நெட்ஃபிளிக்ஸ் இழுத்து மூடியது. உடனே, இரண்டாம் சீசன் வேண்டுமென்று கையெழுத்து வேட்டை!