இரண்டாவது பெட்டி வேண்டாம்

கோடை விடுமுறை நெருங்கினாலே அமெரிக்கக் கிறிஸ்தவச் சபைகளில் மிஷன் பயணத்துக்கான, அதாவது வெளிநாட்டு ஊழியப் பயணத்துக்கான, பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடுகிறது. டெக்சாஸில் நாங்கள் போகும் சபையிலிருந்தும் வாலிபர் குழு ஒன்று ஜூலையில் கென்யாவுக்குப் புறப்படுகிறது. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் இருப்பதால், என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்: பிள்ளையின் சொந்தப் பெட்டியைக் கவனமாகக் கட்டுங்கள், இரண்டாவது பெட்டியைக் கட்டவே கட்டாதீர்கள்.

இங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்களுக்குப் பல விமான நிறுவனங்கள் தலா 23 கிலோ எடையுள்ள இரண்டு பெட்டிகளை அனுமதிக்கின்றன. ஒன்றில் சொந்த உடைமைகள், மற்றொன்றில் 'அங்குள்ளவர்களுக்குக் கொடுக்க வேண்டியவை' என்பது எழுதப்படாத வழக்கமாகிவிட்டது. அந்த இரண்டாவது பெட்டிக்குள் என்ன போகிறது என்பது சபைக் கூடத்தில் சற்று நேரம் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். பிள்ளைகளுக்குச் சிறியதாகிவிட்ட டி-சர்ட்டுகள், சென்ற ஆண்டு விடுமுறை வேதாகமப் பள்ளியில் (வி.பி.எஸ்.) மிஞ்சிய கிரேயான்கள், ஹோட்டல் அறைகளில் சேர்த்த குட்டிச் சோப்புகள், யாரோ வாங்கிப் பாதி மட்டும் சாப்பிட்ட மாத்திரை அட்டைகள், ஒரு காது தொங்கும் கரடிப் பொம்மை. எடை பார்க்கும் கருவியில் பெட்டியைத் தொங்கவிட்டு, 23-ஐத் தாண்டினால் ஒரு ஜீன்ஸை உருவுவதும், தாண்டாவிட்டால் இன்னும் நான்கு சோப்புகளைத் திணிப்பதுமாக ஒரு மாலைப்பொழுதே கழிகிறது. இலவசமாகக் கிடைத்த எடையை வீணாக்கக் கூடாது என்ற கவலை அங்கே எல்லாருக்கும் இருக்கிறதே தவிர, போகிற ஊரில் யார் என்ன கேட்டார்கள் என்ற கேள்வியை யாரும் எழுப்புவதில்லை.

கென்யாவில் பழைய துணிக்கு எந்தப் பஞ்சமும் இல்லை. 'மிட்டும்பா' என்று அங்கே அழைக்கப்படும் பழைய துணி, கப்பல் கப்பலாக வந்து இறங்கி, நைரோபியின் கிகொம்பா சந்தையில் குவிந்து கிடக்கிறது. 2016-இல் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் தங்கள் நெசவுத் தொழிலைக் காப்பாற்றிக்கொள்ள இந்த இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தபோது, அமெரிக்கா தன் வர்த்தகச் சலுகைகளைக் காட்டி நெருக்கியது. கென்யா பின்வாங்கிவிட்டது, விட்டுக்கொடுக்காத ருவாண்டா 2018-இல் தன் ஆடை ஏற்றுமதிக்கு இருந்த சலுகையை இழந்தது. வேண்டாம் என்று சொல்லவும் விடாமல் ஒரு நாட்டின் தலையில் கட்டப்பட்ட அதே பழைய சட்டையை, நாம் கடல் கடந்து அன்பளிப்பாகவும் சுமந்துபோக வேண்டுமா என்பதே என் கேள்வி. பள்ளிக் காலணி கொடுக்கத்தான் வேண்டுமென்றால், நைரோபிக்குப் பக்கத்தில் லிமுருவிலேயே பாட்டா தொழிற்சாலை இருக்கிறது. உள்ளூர்க் கடையில் பிள்ளையின் காலுக்கு அளவு பார்த்து வாங்கினால், கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும், செருப்பும் காலுக்குப் பொருந்தும்.

மருந்து விஷயத்தில் எனக்குப் பொறுமை இன்னும் குறைவு. நன்கொடை மருந்துகளுக்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் 1996-இலேயே வெளிவந்துவிட்டது. மருந்து போய்ச் சேரும்போது அது காலாவதியாகக் குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும் என்றும், நோயாளிகள் திருப்பிக் கொடுத்த மருந்துகளை அனுப்பக் கூடாது என்றும் அது சொல்கிறது. கென்யாவிலுள்ள டென்வெக், கிஜாபே போன்ற மிஷன் மருத்துவமனைகள் பெரிய அறுவைச் சிகிச்சைகளையே செய்கின்றன. அப்படிப்பட்ட மருத்துவர்கள் இருக்கும் நாட்டுக்கு நம் வீட்டு அலமாரியைக் கழுவி எடுத்த மிச்சங்களை அனுப்புவதை ஊழியம் என்று என்னால் அழைக்க முடியவில்லை.

இனி முதல் பெட்டிக்கு வருகிறேன். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று எண்ணி அரைக்கைச் சட்டையும் தொப்பியுமாக அடுக்கிவிடுகிறார்கள். நைரோபி கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஜூலைதான் அங்கே குளிர்ந்த மாதம், வானம் மூடிக்கிடக்கும், இரவில் 12 டிகிரி வரை இறங்கும். ஏற்காட்டுக்குப் போகிறவர் எடுத்துவைக்கும் ஸ்வெட்டர் இங்கேயும் தேவை. குழு அடுத்துப் போகும் கிசுமு விக்டோரியா ஏரிக்கரையில் இருப்பதால் அங்கே வெப்பமும் கொசுவும் அதிகம். மலேரியா மாத்திரையை மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி, விமான நிலையத்தில் ஒப்படைத்துவிடும் பெட்டியில் அல்ல, கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊருக்குத் திரும்பிய பிறகும், மருந்தைப் பொறுத்து, ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடர வேண்டிய மாத்திரை அது என்பதால், அந்தக் கணக்குக்கும் சேர்த்தே வாங்குங்கள். பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும். கிராமத்துச் சபைகளுக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை போதும்; மேலே சுற்றிக்கொள்ளக் காங்கா துணியை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ராணுவப் புள்ளி போட்ட கால்சட்டைகள் வேண்டவே வேண்டாம், அங்கே பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம்.

நம் வீட்டு அம்மாக்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2017 ஆகஸ்டிலிருந்து கென்யாவில் பிளாஸ்டிக் கடைப்பைகளுக்குத் தடை இருக்கிறது. சட்டத்தில் நான்கு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கே இடமுண்டு. புளிக்காய்ச்சல் பாட்டிலைக் கேரி பேக்கில் சுற்றி, அதற்கு மேல் இன்னொரு கேரி பேக்கும் போட்டு முடிச்சிடும் நம் வழக்கத்தை இந்த ஒரு பயணத்துக்காவது விட்டுவிடுங்கள். சப்பாத்தி, சமோசா, பால் விட்ட டீ ஆகிய மூன்றும் கென்யர்களின் அன்றாட உணவாகிப் பல தலைமுறைகள் ஆகின்றன. பிள்ளை பட்டினி கிடக்காது.

வெறுங்கையோடு எப்படிப் போவது என்று ஒரு தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு பன்னிருவரையும் அனுப்பும்போது, பையும் அப்பமும் காசும் வேண்டாம், ஒரு தடி போதும், இரண்டு அங்கிகள் கூடாது என்றுதானே சொன்னார்? போகிற வீட்டார் கொடுப்பதை வாங்கிச் சாப்பிடுகிறவர்களாகவே அவர்கள் போனார்கள். அதே வேதத்தில் பவுல், சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் எடுத்துவரச் சொல்கிறார். தேவைப்படுகிறவர் தாமே கேட்டார், எது வேண்டும், யாரிடம் இருக்கிறது என்பதையும் சொன்னார். அப்படிக் கேட்டு வருவதைச் சுமப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. மற்றதற்குப் பணமாகவே கொடுக்கலாம். கைபேசி வழியே பணம் அனுப்பும் எம்-பெசா சேவை 2007-லிருந்து ஓடும் நாட்டில் கிராமத்துப் போதகரின் கைபேசிக்கே பணம் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆகவே, இம்முறை குழுத் தலைவரிடம் பேசி, நம்மை வரவேற்கும் சபைக்கே எழுதிக் கேட்கச் செய்தோம். பதில் வந்துவிட்டது: மூப்பர்களுக்கு வாசிப்புக் கண்ணாடிகள், எந்தெந்தப் பவரில் எத்தனை என்ற குறிப்போடு, சபையிலுள்ள புரொஜெக்டருக்கு ஒரு நீளமான கேபிள், கால்பந்துக்குக் காற்றடிக்கும் ஊசிகள் ஒரு டஜன். எல்லாம் சேர்த்து மூன்று கிலோகூட வராது. பிள்ளைகளின் சொந்தப் பெட்டிகளிலேயே பகிர்ந்து வைத்துவிடலாம். கண்ணாடிகளை நான் வாங்கிவிடுகிறேன். கேபிளுக்கும் ஊசிகளுக்கும் யார் பொறுப்பேற்கிறீர்கள் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்பாகச் சொல்லிவிடுங்கள்.