நான்கு டயரும் குயிடோவும்

'கார்ஸ்' படத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், குயிடோவைச் சிரிப்புக்காகச் சேர்த்த குட்டி வண்டி என்று நண்பர்கள் ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கார்களே பாத்திரங்களாக, 2006இல் பிக்ஸார் வெளியிட்ட அந்த அனிமேஷன் படத்தின் முதல் காட்சியில் விழும் முடிச்சை அவிழ்ப்பதே சரக்குத் தூக்கும் அந்த நீல நிற ஃபோர்க்லிஃப்ட்தான் என்பது என் கட்சி.

படம் எப்படித் தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். பிஸ்டன் கோப்பைப் பந்தயத்தில் முன்னணியில் ஓடும் கதாநாயகப் பந்தயக் கார் மெக்குயீன், டயர் மாற்றினால் நேரம் வீணாகும் என்று பெட்ரோலை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்புகிறான். கடைசிச் சுற்றில் பின் டயர்கள் வெடிக்க, எல்லைக் கோட்டை நாக்கை நீட்டித் தொட வேண்டிய நிலைக்கு வந்து, பந்தயம் மூன்று கார்களுக்கிடையே சமநிலையில் முடிகிறது. அலட்சியப்படுத்தப்பட்ட பணியாளர்களும் அவனை விட்டுப் போய்விடுகிறார்கள். ஆக, கதாநாயகனின் குறை அன்பு, பணிவு என்ற பெரிய சொற்களில் அல்ல, மாற்றாமல் விட்ட டயரில்தான் முதலில் காட்டப்படுகிறது.

அதன் பிறகு அவன் சிக்கிக்கொள்ளும் ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில், வாடிக்கையாளரே எட்டிப்பார்க்காத ஒரு டயர் கடையில் குயிடோ இருக்கிறான். 1950களில் இத்தாலியின் ஈசோ நிறுவனம் உருவாக்கிய, முட்டை போன்ற ஈசெட்டா காரை ஒத்த உருவம். பேசுவது இத்தாலி மொழி; முதலாளி லுயிஜிதான் மொழிபெயர்க்க வேண்டும். அவனுக்குத் தெரிந்த ஆங்கிலம், பந்தயத்தின் நடுவே டயர் மாற்றவும் பெட்ரோல் போடவும் நிறுத்துவதைக் குறிக்கும் 'பிட் ஸ்டாப்' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே, ஆசையும் அது ஒன்றுதான்: உண்மையான பந்தயக் காருக்கு ஒரு முறையாவது டயர் மாற்றிவிட வேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸ் பந்தயத்தில் அந்த வாய்ப்பு வருகிறது. எதிரணியின் ஆட்கள் அவன் உருவத்தைப் பார்த்துக் கேலி செய்துகொண்டிருக்கும்போது, டயர் போய் உள்ளே வரும் மெக்குயீனுக்கு, கண் மூடித் திறப்பதற்குள் நான்கு டயர்களையும் தனி ஆளாக மாற்றி அனுப்புகிறான். அந்தக் காலத்து நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயங்களில் ஏழு பேர் தடுப்புச் சுவரைத் தாண்டி வந்து, சக்கரத்துக்கு ஐந்து வீதம் 20 நட்டுகளைக் கழற்றி, மீண்டும் 20 நட்டுகளை முடுக்கி, பெட்ரோலும் நிரப்பி, 15 வினாடிகளுக்குள் காரை வெளியே விட்டால் அது நல்ல வேலை. இது தெரிந்து பார்ப்பவருக்கு அந்தக் காட்சி வெறும் சிரிப்பாகத் தெரியாது. கேலி செய்தவர்கள் வாய் பிளந்து நிற்க, ஒட்டு மீசைகள் கழன்று விழுகின்றன. குயிடோ அவர்கள் பக்கம் திரும்பித் தனக்குத் தெரிந்த அந்த இரண்டு சொற்களைச் சொல்கிறான். வீட்டில் என் மகன் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டதால், எந்த மீசை முதலில் விழுகிறது என்பதுவரை எனக்கு மனப்பாடம்.

இத்தாலியன் என்றாலே ஃபெராரிப் பித்து, உச்சக் குரல், கைகால் ஆட்டம் என்று காட்டுவது தேய்ந்த வழக்கம் என்ற குறையை நான் மறுக்கமாட்டேன். லுயிஜியின் பாத்திரத்தில் அது சற்று அதிகம்தான். ஆனால் குயிடோவை வைத்துச் செய்த நகைச்சுவையில் அவன் மொழியோ உருவமோ இளக்காரமாகவில்லை, அதை இளக்காரமாக நினைத்தவர்கள்தான் முகம் தொங்கிப் போகிறார்கள். குரல் கொடுத்தவரும் பெயர் பெற்ற நடிகர் அல்லர். பிக்ஸாரிலேயே தொழில்நுட்பப் பணியில் இருந்த குயிடோ குவாரோனி என்ற இத்தாலியர். பாத்திரத்துக்கும் அவர் பெயரே. இரண்டாம் படத்தில் மெக்குயீனின் நண்பனான இழுவை வண்டி மேட்டருக்கு முழுக் கதையையும் தூக்கிக் கொடுத்தவர்கள், இவனுக்கு இன்னும் நான்கு காட்சிகள் கூடுதலாக வைத்திருக்கலாம் என்ற மனக்குறை எனக்கு இன்றும் உண்டு.

முதல் படத்தின் முடிவில், ஃபார்முலா 1 பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கரே குரல் கொடுத்த சிவப்பு ஃபெராரி அந்தக் கடைக்கு டயர் வாங்க வருகிறது. லுயிஜி அதைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கி விழுகிறான். குயிடோ அப்போதும் நின்றுகொண்டுதான் இருக்கிறான். நீங்கள் இருவரும் பிரமாதமானவர்கள் என்று கேள்விப்பட்டேன் என்று ஃபெராரி இத்தாலி மொழியிலேயே சொன்ன பிறகுதான் அவனும் சாய்கிறான்.