ஒப்பந்தத்தை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு

துருக்கி அரசோடு நாற்பது வருடம் ஆயுதப் போராட்டம் நடத்திய குர்து இயக்கமான பி.கே.கே., 2025 மே மாதம் தன்னைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்தது. ஜூலையில் ஈராக் குர்திஸ்தானில் கொஞ்சம் துப்பாக்கிகளைத் தீயில் போட்டார்கள். அதிலிருந்து என் நட்பு வட்டத்தில் இந்தச் சண்டை ஓயவில்லை. "ஏமாந்துட்டாங்க" என்கிறது ஒரு கூட்டம். "நாற்பது வருஷம் சண்டை போட்டு என்ன கண்டாங்க, இதுவாவது முடியட்டும்" என்கிறது இன்னொன்று. ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் குர்துகளோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். இலங்கையில் முறிந்துபோன ஒப்பந்தங்கள் அகதிகளாகப் படகேறி வந்து இறங்குவது எங்கள் கரையில்தான். அதனால் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசை நம்பலாமா கூடாதா என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயன் இல்லை. கையெழுத்துப் போட்டவர் நாளைக்கு மனம் மாறலாம், பதவி இழக்கலாம், யாராவது வழக்குப் போடலாம். அப்போது அந்தத் தாளில் எது மிஞ்சும்? அதைத்தான் பார்க்க வேண்டும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்கே நாம் பத்திர ஆபீசுக்குப் போகிறோம். அண்ணன் கெட்டவன் என்றா போகிறோம்?

இலங்கைப் பிரதமராக இருந்த பண்டாரநாயக்கா கெட்ட எண்ணத்தோடு கையெழுத்துப் போட்டார் என்று நான் நினைக்கவில்லை. 1957 ஜூலையில் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார். பிராந்திய சபைகள், நிர்வாகத்தில் தமிழ் என்று அளவான விஷயங்கள்தான். அக்டோபரில் அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பினார் ஒருவர். அடுத்த ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள், ஒப்பந்தம் போயிற்று. நடைப்பயணம் கிளம்பியவர் பெயர் ஜே.ஆர். ஜெயவர்த்தனா. முப்பது வருடம் கழித்து ஜனாதிபதியாக ராஜீவ் காந்தியோடு உட்கார்ந்து தமிழர்களுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். ஆளைப் பார்த்து ஒப்பந்தத்தை எடை போட முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தைப் பற்றி எங்கள் பக்கம் எல்லாரும் ஆவேசமாகப் பேசுவார்கள், ஆனால் படித்தவர்கள் குறைவு. கையெழுத்து இரண்டு அரசுகளுடையது. ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டியவர்கள் அதில் ஒரு தரப்பே இல்லை. ஆகஸ்ட் 4ஆம் தேதி யாழ்ப்பாணத்துச் சுதுமலையில் புலிகளின் தலைவர் பிரபாகரன் பேசியபோதே இந்த ஒப்பந்தம் பிரச்சினையைத் தீர்க்காது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் ஆயுதத்தை இந்தியாவிடம் கொடுக்கச் சம்மதித்தார். கொடுத்தது ஒரு பங்கு. அக்டோபரில் இந்தியப் படையோடே போர். தனக்குப் பிடிக்காத ஒன்றுக்கு யாரோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், எந்த இயக்கம்தான் அதைக் காப்பாற்றும்?

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின்னால் நடந்ததுதான். அந்த ஒப்பந்தத்திலிருந்து இரண்டு பெரிய விஷயங்கள் வந்தன. மாகாண சபைகள் 13ஆவது திருத்தமாக அரசியலமைப்புக்குள் போயின. வடக்கு கிழக்கு இணைப்பு ஜனாதிபதியின் உத்தரவால் நடந்தது. ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டு மோதல் நின்றிருந்தால்தான் இணைக்கலாம் என்று மாகாண சபைச் சட்டத்தில் நிபந்தனை இருந்தது. அது நிறைவேறவில்லை. ஜே.ஆர். அவசரகால ஒழுங்குவிதி ஒன்றைப் போட்டு நிபந்தனையைச் சுற்றிக்கொண்டு போனார். பதினெட்டு வருடம் யாரும் அதைத் தொடவில்லை. 2006 அக்டோபரில் சிங்கள இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி. தரப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றது. 2007 ஜனவரி 1 முதல் வடக்கு தனி, கிழக்கு தனி. காணி, போலீஸ் அதிகாரம் கைக்கு வராமல் அரைகுறையாக இருந்தாலும் 13ஆவது திருத்தம் இன்றும் நிற்கிறது. ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு பிள்ளைகள். அரசியலமைப்பில் எழுதப்பட்டது பிழைத்தது, உத்தரவில் எழுதப்பட்டது போனது.

இதற்கு விலை கொடுத்தது யார்? ஒப்பந்தத்தை நம்பி மண்டபம் முகாமிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஊர் திரும்பினார்கள். 1990 ஜூனில் மறுபடி போர் வெடித்தது. அவர்களில் பலர் திரும்ப இங்கேயே வந்தார்கள், இந்த முறை வீடும் இல்லாமல், சிலர் பிள்ளையும் இல்லாமல். முகாமில் இருக்கும் ஒரு பெரியம்மா ஒருமுறை என்னிடம் சொன்னார்: "நம்பித்தானே தம்பி போனனாங்கள், பிறகு இஞ்சதானே வந்தனாங்கள்." குரலில் கோபம்கூட இல்லை. "நம்பாதே" என்று வீரவசனம் பேசுகிற தம்பிகளும் சரி, "நம்பித்தான் ஆகணும்" என்று டிவியில் உட்கார்ந்து சொல்கிற நிபுணர்களும் சரி, மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு இரவெல்லாம் தண்ணீர் இல்லாமல் நின்றவர்கள் இல்லை.

சரி, அப்படியென்றால் எந்த ஒப்பந்தமும் தேறாதா? தேறியிருக்கிறது. அதே ராஜீவ் அரசு ஒரு வருடம் முன்பு, 1986 ஜூன் 30 அன்று, இருபது வருடமாகத் தனிநாடு கேட்டுப் போராடிய மிசோ தேசிய முன்னணியோடு நேரடியாகவே கையெழுத்துப் போட்டது. அங்கே முதல்வராக இருந்த காங்கிரஸ்காரர் லால் தன்ஹாவ்லா ஒதுங்கிக்கொண்டு, லால்டெங்காவுக்கு நாற்காலியைக் கொடுத்தார். நம்ம ஊர் அரசியலில் நினைத்துப் பார்க்க முடிகிறதா? மிசோரத்துக்கு மாநில அந்தஸ்து வந்தது, அவர்கள் நிலத்துக்கும் வழக்கத்துக்கும் இந்திய அரசியலமைப்பில் 371ஜி பிரிவு வந்தது. அமைதி இன்றுவரை நிற்கிறது.

தனிநாடு கேட்டுப் போராடிய இந்தோனேசிய மாகாணமான ஆச்சே இன்னும் பொருத்தமான கதை. சுனாமிக்குப் பின் 2005 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் கையெழுத்து. போராளிகள் 840 ஆயுதங்களை நான்கு தவணையாக ஒப்படைத்தார்கள், ஒவ்வொரு தவணைக்கும் இந்தோனேசிய அரசு தன் படையில் ஒரு பகுதியைத் திரும்ப அழைத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகளும் அனுப்பிய ஆட்கள் கூடவே நின்று எண்ணினார்கள். எல்லா வாக்குறுதியும் நிறைவேறிவிடவில்லை. ஆனாலும் அடுத்த ஆண்டே முன்னாள் போராளி ஒருவர் தேர்தலில் வென்று ஆளுநரானார். தவணை முறை என்பதால் யாரும் மொத்தமாக ஏமாற வழி இல்லை.

எங்கள் ஆட்கள் சிலருக்குப் பிடிக்காத பகுதி இனிமேல்தான். புலிகள் இயக்கத்தின் மேலும் தப்பு உண்டு. 2002 பிப்ரவரி போர்நிறுத்தத்தின்போது நார்வே நடுவில் இருந்தது, கண்காணிப்புக் குழு இருந்தது, டிசம்பரில் ஆஸ்லோவில் கூட்டாட்சித் தீர்வை ஆராயலாம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. நாலே மாதத்தில் புலிகள் பேச்சுவார்த்தையிலிருந்து விலகினார்கள். 2005 ஜனாதிபதித் தேர்தலில் வடக்கில் தமிழர்கள் ஓட்டுப் போடாமல் தடுக்கப்பட்டார்கள், ராஜபக்சே சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தார். கொழும்பு ஏமாற்றியது என்பது உண்மை. அதற்காக நமக்குக் கிடைத்த பிடிமானத்தை நாமே உதறியது பொய்யாகிவிடாது. இதை எழுதினால் துரோகி என்று வருவீர்கள், வாங்க.

குர்துகளிடம் நான் கேட்க விரும்புவதும் இதுதான். துப்பாக்கியைத் தீயில் போட்ட அன்று துருக்கி அரசு சட்டத்தில் எழுதிக் கொடுத்தது என்ன? பக்கத்தில் நின்று எண்ணிய மூன்றாம் தரப்பு யார்? நாற்பது வருடம் களைத்துப்போன மக்களுக்கு யுத்தம் நிற்பதே பெரிய விஷயம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பி.கே.கே. நிறுவனர் ஓச்சலான் சொன்னார், துருக்கி ஜனாதிபதி எர்டோகன் சொன்னார் என்பது பத்திரம் ஆகாது.

நம் பக்கம் இப்போது கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தலே 2013இல்தான் நடந்தது. 2018 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, அதற்குப் பிறகு வருடக்கணக்கில் ஆளுநர் ஆட்சி. அன்று இணைப்புக்கு எதிராக வழக்குப் போட்ட கட்சியின் தலைவர் 2024இலிருந்து ஜனாதிபதி. தமிழ்நாட்டு மேடைகளில் தனி ஈழம் பேசுகிறவர்கள், அரசியலமைப்பில் எழுதியிருக்கிற அந்தச் சபைக்குத் தேர்தல் வை என்று ஒரு தீர்மானமாவது போடட்டும்.