61ஆம் பக்கத்தில் தீயணைப்பான்

(அலுவலக ஊழியர்களுக்காகத் தீப் பாதுகாப்பு பற்றி இணையவழிப் பயிற்சி ஒன்றைத் தயாரித்திருக்கிறார் சேகர். முதல் ஆளாகப் பார்ப்பதற்கு மாலதி உட்கார்ந்திருக்கிறார். அந்த வழியாக நடந்து போனதுதான் அவர் செய்த குற்றம்.)

சேகர்: பாருங்கள் அக்கா, மொத்தம் 84 பக்கம், ஒன்றரை மணி நேரம். ஒன்றுவிடாமல் அடக்கிவிட்டேன்.

மாலதி: தீப்பிடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

சேகர்: அது 61ஆம் பக்கத்தில் வருகிறது.

மாலதி: அதுவரை தீ காத்திருக்குமா தம்பி?

சேகர்: முதல் 20 பக்கம் ஆதிமனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த வரலாறு. அடிப்படை தெரிய வேண்டாமா?

மாலதி: அவன் பற்றவைத்ததை அணைக்கத்தானே என்னைக் கூப்பிட்டாய்?

சேகர்: திரையில் இருப்பதை வரிக்கு வரி என் குரலிலேயே வாசித்தும் இருக்கிறேன்.

மாலதி: எனக்குப் படிக்கத் தெரியுமே! என் கண் நாலு வரி முன்னால் ஓடும், உன் குரல் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வரும். படத்தைக் காட்டிப் பேசு, கேட்கிறேன்.

சேகர்: யாரும் தாவிப் போகாதபடி 'அடுத்து' பொத்தானை 45 விநாடி பூட்டியிருக்கிறேன்.

மாலதி: போன வருடப் பயிற்சியிலும் அப்படித்தான். அந்த இடைவெளிகளில் ஒரு ஸ்வெட்டரே பின்னி முடித்தேன்.

சேகர்: தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கினீர்களே!

மாலதி: நான்கு விடைகளில் எது நீளமோ அதுதான் சரி. அந்தப் பயிற்சியில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

(சேகர் தன் வினாக்களை அவசரமாகத் திறந்து பார்க்கிறார். முகம் சுருங்குகிறது.)

சேகர்: நானும் படித்துவிட்டுத்தான் செய்தேன் அக்கா. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று 1885-லேயே எழுதிவிட்டார்.

மாலதி: அர்த்தமில்லாததையா? உன் பயிற்சியை முன்கூட்டியே பார்த்துவிட்டாரோ? மறக்கும் என்று தெரிந்தும் ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரமா? ஐந்து நிமிடம் சொல்லிக்கொடு. மூன்று நாள் கழித்து ஒரு கேள்வி அனுப்பு. அடுத்த வாரம் இன்னொன்று.

சேகர்: 'தீயணைப்பான் என்றால் என்ன?' என்றா?

மாலதி: என்னை மறுபடி பள்ளிக்கு அனுப்பாதே. 'பக்கத்து மேசைக் கணினி எரிகிறது. ஒரு கருவியில் தண்ணீர், இன்னொன்றில் கரியமில வாயு. எதை எடுப்பீர்கள்?' என்று கேள். தண்ணீரை எடுத்தால் சிவப்பில் 'தவறு' என்று போடாதே, மின்சாரம் என்மேல் பாய்வதைக் காட்டு. ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். பிறகு, கருவியின் பாதுகாப்பு ஊசியை இழு, தீயின் அடியைக் குறிவை, கைப்பிடியை அழுத்து, இடவலமாக வீசு. முடிந்தது.

சேகர்: அப்படியானால் மீதிப் பக்கங்களை என்ன செய்வது?

மாலதி: அச்சடித்து வை. செய்முறைப் பயிற்சியில் கொளுத்த ஏதாவது வேண்டுமே. ஆமாம், நம் மாடியில் தீயணைப்பான் எங்கே இருக்கிறது?

(நீண்ட மௌனம்.)

சேகர்: வாசல் பக்கம்தான் அக்கா... இந்தப் பயிற்சியின் விளம்பரப் பலகைக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. அதற்கு முன்னால்தான் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன்.